மரை பார்த்து போல்ட் போடுங்கள்

பழைய புல்லட்டின் எஞ்சினை வீட்டிலேயே பிரித்து வைத்திருக்கிறேன். “போல்ட் எல்லாத்தையும் 12.9 கிரேடுக்கு மாத்திடலாம் தாத்தா” என்கிறான் பேரன். மரைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று அவனுக்குச் சொன்னேன்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் 55 டிகிரி கோணத்தில், இன்ன தடிமனுக்கு இத்தனை சுற்று என்று பொது அளவு வகுத்தார். அமெரிக்காவில் 1864-ல் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு விட்வொர்த்துக்கு 12 சுற்று, செல்லர்ஸுக்கு 13. ஒன்று மற்றதில் ஏறாது. இரண்டாம் உலகப் போரில் இதனால் பட்ட பாட்டுக்குப் பிறகுதான், 1948-ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு உடன்பட்டன.

1955-ல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, ரெட்டிட்ச் நகரத்துப் புல்லட்டை அதன் அங்குல மரைகளோடுதான் கொண்டுவந்தது. இன்று கடையில் சுலபமாகக் கிடைப்பது மெட்ரிக். 5/16 அங்குல விட்வொர்த் துளையில் 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றிரண்டு சுற்று ஏறும். வலிந்து இறுக்கினால் அலுமினியக் கேஸின் மரை போய்விடும். போல்ட் 12.9 ஆனாலும் அதைப் பிடித்திருப்பது அலுமினியம்தானே!

எனவே மரை கேஜ் வைத்துப் பார்த்து, அதே மரையில் நல்ல ஸ்டீல் போல்ட்டாகத் தேடி வாங்குங்கள். போல்ட் போனால் வேறு வாங்கலாம். பழைய கேஸுக்கு எங்கே போவது?