மிளகும் நம்ம பாட்டிமாரும்

"பத்து மிளகு இருந்தா பகைவன் வீட்டுலயும் சாப்பிடலாம்"னு கேட்டு வளர்ந்தவங்க நாம. போர்ச்சுகீசியர் மிளகாயைக் கொண்டுவரும் முன்னே, மதுரைச் சமையலில் காரத்துக்கு முக்கியமானது மிளகுதான். யவனர்கள் முசிறியில் பொன் கொடுத்து மிளகு வாங்கிப் போனதை அகநானூறு சொல்கிறது.

சளிக்கு மஞ்சள் பாலில் மிளகுப்பொடி போடுவது பாட்டிமார் வழக்கம். மிளகில் உள்ள பைப்பரின், மஞ்சளின் குர்குமின் உடம்பில் சேர்வதைக் கூட்டுகிறது என்று 1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பாட்டி கைப்பக்குவம் வீண்போகல!

ஆனா சகோதரிகளே, இரண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா மிளகுக் கஷாயத்தோட நிறுத்திடாதீங்க. அது காசநோயா இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். குழுவுல யாராவது இருமிக்கிட்டே இருந்தா, கையோட கூட்டிட்டுப் போங்க.