கப்பலேறாத இலைகள்

ஈழத்தின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் கறுவாவுக்கு ஒதுக்கிய பக்கங்கள் மிகப் பல. கறிவேப்பிலைக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைப்பதே அரிது. இவ்வேறுபாட்டின் காரணம் சுவையிலன்று, உலர்தலிலேயே தங்கியுள்ளது. கறுவாப்பட்டையும் மிளகும் உலர்ந்த பின்னரும் மணங்குன்றாதவை. மாதக்கணக்கிற் கப்பலிற் கிடந்தும் விலைபோகத்தக்கவை. விலைபோன பண்டத்துக்கு வரி விதிக்கப்பட்டது. வரிக்குக் கணக்கேடு எழுதப்பட்டது. அவ்வேடு இன்று ஆய்வாளனின் மூலாதாரமாயிற்று. கறிவேப்பிலையின் மணமோ எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் அமைவது. இலை காய்ந்ததும் அதன் பெரும்பகுதி நீங்கிவிடும். ஆதலின் அச்செடி சமைப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்றல் வேண்டும். அடுப்பிலே தாளிதம் பொரியும்போது ஓடிச்சென்று ஒடித்து வரும் ஒரு நெட்டுக்கு எந்த அரசும் வரி விதித்ததில்லை.

ஆயினும் இலக்கியம் அதனை முற்றாக மறந்துவிடவில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் இல்லத்து உணவு பேசப்படுமிடத்து, மாதுளங்காயை மிளகுப்பொடியுடனும் கறிவேப்பிலையுடனும் பசுவெண்ணெயில் வேகவைத்த கறி குறிப்பிடப்படுகின்றது. அங்கே காரத்துக்கு மிளகே உண்டு. அமெரிக்காவுக்குரிய மிளகாய், போர்த்துக்கேயர் கீழைக்கடலுக்கு வந்த பின்னரே இப்பக்கங்களில் அறிமுகமாயிற்று. மிளகின் பெயரையே தன் பெயரின் முற்பகுதியாக்கிக்கொண்டு அதன் இடத்தையும் பெருமளவு கைப்பற்றிற்று. காரம் கைமாறிய பின்னரும் இலை மாறவில்லை. யாழ்ப்பாணத்துக் கறித்தூளிற் கொத்தமல்லி, மிளகாய் முதலியவற்றோடு இன்றும் அது வறுத்து இடிக்கப்படுகின்றது. சொதியிற் பச்சையாகவே இடப்படுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் புவியியல் இங்கு நோக்கற்பாலது. சுண்ணக்கற் பாறைமீதமைந்த இந்நிலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்தடி நீரே வாழ்வு. துலா மிதித்து இறைத்த நீர் தோட்டத்துப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பாய்ந்தது. குளித்த நீரும் பாத்திரங் கழுவிய நீரும் வாய்க்காலாக ஓடிச் சென்றவிடத்தில் வாழையும் கறிவேப்பிலையும் வல்லாரையும் நின்றன. முன்னையது ஆடவர் கணக்கில் வருமானம். பின்னையது பெண்டிர் பேணியது, கணக்கில் வாராதது. கழிவுநீரை வீணாக்காது கறியாக்கிய இவ்வேளாண்மையை உற்பத்தியென ஏற்காத பொருளாதார வரலாறு பாதி வரலாறேயாகும்.

ஏடு இல்லாதவிடத்துச் செடியே சான்றாதலும் உண்டு. ரம்பையை எடுத்துக்கொள்வோம். தென்கிழக்காசியத் தீவுகளோடு தொடர்புடைய இத்தாழையினத்துச் செடி பூப்பது மிக அரிது, விதையால் இனம்பெருகுவதில்லை. பக்கக்கன்றைப் பிடுங்கி நட்டாலன்றி அது பரவாது. எனவே இந்நாட்டு வளவுகளில் நிற்கும் ஒவ்வொரு ரம்பையும் யாரோ ஒருவர் கையால் நடப்பட்டதாகும். அதன் முதற்கன்று கடல் கடந்து வந்ததாகும். கறிவேப்பிலை விதையால் முளைக்குமெனினும் அவ்விதை நெடுநாள் உயிர்தாங்காது. பறவை எச்சமும், வேரடியில் வெடிக்கும் கன்றைக் கேட்டுப்பெறும் அயலவரும் அதனைப் பரப்பினர். இவ்வகையில் ஒரு மரத்தின் வழி ஓர் ஊரின் உறவுவழியுமாம்.

இத்தகைய செடி அறிவியலேட்டிற் புகுந்தபோது பெற்ற பெயரும் சிந்தனைக்குரியது. லினேயசின் மாணவரான கோனிக் என்பார் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து தென்னாட்டுச் செடிகளைச் சேகரித்தார். 1771இல் லினேயசு கறிவேப்பிலைக்கு அவர் பெயரையே சூட்டினார். நூற்றாண்டுகளாக அதனை நட்டு வளர்த்தவரின் மொழிப்பெயர்கள் அப்பெயரில் இடம்பெறவில்லை. கோனிக்கின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இது கூறப்படவில்லை. பெயரிடும் அதிகாரம் எவரிடம் இருந்ததென்பதே வினா.

1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலையைத் தந்தது. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அதனைப் பறித்தது. கிணற்றடி இலையை இவ்விரண்டும் அதிகம் தொடவில்லை. அதனைத் தொட்டது போரே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பல இலட்சமாய் இடம்பெயர்ந்தபோது, வளவை விட்டவர்கள் கறிவேப்பிலையையும் விட்டே சென்றனர். பிறர் வீட்டிலும் பாடசாலை மண்டபத்திலும் ஒதுங்கிய குடும்பத்துக்கு, அதுவரை விலையறியாத ஓர் இலை கேட்டுப்பெற வேண்டிய பொருளாயிற்று.

கடல் கடந்து சென்றோர் நிலை பிறிதொன்று. பண்டு கப்பலேறாத இலை பின்னர் விமானமேறத் தொடங்கிற்று. ஆயின் தோடை, எலுமிச்சை இனங்களை அழிக்கும் நோயைக் காவும் பூச்சி இதன் இலையிலும் வாழ்வதால், ஐக்கிய அமெரிக்கா பச்சைக் கறிவேப்பிலையின் இறக்குமதியைத் தடைசெய்துள்ளது. ரொறன்ரோவில் வாழும் நம்மவர் அதனைச் சாடியில் நட்டுக் கோடையில் வெளியே வைக்கின்றனர். உறைபனி தொடங்குமுன் வீட்டினுள்ளே தூக்கிச்சென்று, வெயில்படும் சாளரத்தருகே இருத்துகின்றனர். குளிர்காலத்தில் இலையுதிர்ந்து கம்பாய் நிற்கும் செடியைச் சிலர் பட்டதென்று எறிந்துவிடுவதும் உண்டு; பொறுத்திருப்போருக்கு வசந்தத்தில் அது மீண்டும் துளிர்க்கின்றது.