துருவல் பொறி வீடு புகுந்த வரலாறு

தேங்காய் துருவும்போது பற்கள் கொண்ட அலகு அசையாது நிற்கிறது. தேங்காய் மூடியே கையால் சுழற்றப்படுகிறது. கடைசல் பட்டறையிலும் இதுவே முறை. அங்கே உளி நிற்கும், கட்டை சுழலும். இம்முறையைத் தலைகீழாக்கினால் பிறப்பதே மில்லிங் இயந்திரம். பற்கள் பல கொண்ட வெட்டுச் சக்கரம் விரைந்து சுழல்கிறது. மேசைமீது இறுகப் பிணிக்கப்பட்ட இரும்புத் துண்டு மெல்ல நகர்ந்து அப்பற்களுக்கு முகங்கொடுக்கிறது. ஒவ்வொரு பல்லும் ஒரு சிறு சீவலை எடுத்துச் செல்ல, சமதளமோ, பள்ளமோ, பல்சக்கரத்தின் பல்லோ உருவாகின்றது. தமிழில் இதனைத் துருவல் இயந்திரம் என வழங்குவர். பெயர் பொருத்தமானதே.

ஆயுதச் சாலைக்கென்று பிறந்த இப்பொறி இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல வீடுகளின் கொட்டகையிலும் நிலவறையிலும் இடம் பெற்றிருக்கிறது. ஓய்வு நேரத்தில் சிறு நீராவி எஞ்சினோ, கடிகாரமோ செய்து மகிழ்வோரே அதன் உரிமையாளர். கைத்திறன் வேண்டாத நிலையை உண்டாக்கப் பிறந்த பொறி, வீடு வந்து சேர்ந்ததும் அதே கைத்திறனைக் கேட்டு நிற்கிறது. இவ்வியப்பை விளங்கிக்கொள்ள இரு நூற்றாண்டு வரலாற்றைக் காணல் வேண்டும்.

அரம் ஆண்ட காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரையில் உலோகத்தைச் சமன் செய்யும் கருவிகள் உளியும் அரமுமே. துப்பாக்கியின் விசைப் பகுதியில் உள்ள சிறு உறுப்புகளை எல்லாம் கொல்லர் அராவி அராவி ஒன்றோடொன்று பொருத்துவர். ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாது. போர்க்களத்தில் ஓர் உறுப்பு முறிந்தால், அதற்கென்றே மற்றோர் உறுப்பை அராவிச் செய்தாக வேண்டும். பல்லாண்டுகள் ஆசானிடம் பயின்றவரே இத்தொழிலைச் செய்யவல்லர். அத்தகையோர் ஐரோப்பாவில் மிகுதி; அமெரிக்காவிலோ குறைவு. ஆள் குறைந்த நாட்டில் பொறி பிறந்தது இயல்பே.

புகழும் உழைப்பும்

மில்லிங் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஈலாய் விட்னி என்றே நெடுங்காலம் பள்ளி நூல்கள் கற்பித்து வந்தன. பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் பொறியால் புகழ் பெற்றவர் அவர். 1798ஆம் ஆண்டில் அமெரிக்க அரசுக்குப் பதினாயிரம் துப்பாக்கிகள் செய்து தர ஒப்பந்தம் செய்தார். இரண்டே ஆண்டில் முடிப்பதாகக் கூறிய அப்பணி 1809இல்தான் நிறைவுற்றது. 1801இல் தலைநகரில் தலைவர்கள் முன்னிலையில், எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று அவர் காட்டியதாக ஒரு கதை வழங்கிற்று.

1960ஆம் ஆண்டில் இராபர்ட் உட்பரி என்னும் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் இக்கதையை ஆராய்ந்தார். இன்று எஞ்சியுள்ள விட்னியின் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது, ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தவில்லை. அவருடையது எனக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பழைய மில்லிங் பொறியும், 1825இல் அவர் மறைந்த பின்னரே செய்யப்பட்டிருக்கலாம் எனப் பின்வந்த ஆய்வாளர் கருதினர்.

அங்ஙனமாயின் உண்மைப் புகழ் யாருக்கு உரியது? கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் ஊரில் கைத்துப்பாக்கி செய்த சைமியன் நார்த் 1813இல் அரசுடன் செய்த ஒப்பந்தத்தில், உறுப்புகள் தம்முள் மாற்றிக்கொள்ளத் தக்கனவாக இருத்தல் வேண்டும் என்ற விதி இருந்தது. சில ஆண்டுகளில் அவர் பட்டறையில் மில்லிங் முறை வழக்கிற்கு வந்துவிட்டதாக அறிஞர் கருதுவர். வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் பெரியில் ஜான் ஹால் 1820களில் அதனை மேலும் செப்பனிட்டு, உறுப்பு மாற்றத்தை மெய்ப்பித்துக் காட்டினார். இவர்களுடைய பட்டறைகளில் பணியாற்றிய பெயர் தெரியாத தொழிலாளர் எத்தனையோ பேர். ஒருவர் அச்சைத் தடித்ததாக்கினார். மற்றொருவர் மேசையின் அடிப்பகுதியைக் கனமாக்கினார். மில்லிங் இயந்திரம் ஒரு நாளில் ஒருவர் மூளையில் உதித்ததன்று. குறை கண்டு திருத்தி, மீண்டும் குறை கண்டு திருத்தி வளர்ந்தது அது.

பிரவுன் செய்த பொதுப் பொறி

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. பிராவிடன்ஸ் நகரில் துப்பாக்கி செய்த ஆலையொன்றின் மேற்பார்வையாளர் பிரெடரிக் ஹோவ் ஓர் இடர்ப்பாட்டைக் கண்டார். துப்பாக்கியில் நுண்துளை இடுவதற்கு முறுக்குத் துளைக்கருவி தேவை. அதன் உடலில் சுருண்டு செல்லும் பள்ளங்களைத் தொழிலாளர் உருண்டை அரத்தைக் கொண்டு கையாலேயே அராவிக் கொண்டிருந்தனர். துளையிடும் வேலை பொறிக்கு. துளைக்கருவி செய்யும் வேலையோ அரத்துக்கு! ஹோவ் இதனை அதே நகரில் நுண்கருவிகள் செய்துவந்த ஜோசப் பிரவுனிடம் கூறினார்.

பிரவுன் அமைத்த பொறியில் மேசை சாய்ந்தும் நகரும். அது நகரும்போதே இரும்புக் கம்பியும் அளவோடு சுழலும். அதனால் சுருள் பள்ளம் தானே வெட்டுப்படும். 1862இல் அதன் முதல் பொறி விற்பனையாயிற்று. துளைக்கருவிக்கெனச் செய்த பொறி பல்சக்கரம் முதலிய பலவற்றையும் வெட்ட வல்லதாயிருந்தமையின், அது பொதுப் பொறி எனப் பெயர் பெற்றது.

1938இல் பிரிட்ஜ்போர்ட் நகரில் ருடால்ப் பானோவும் அவர் கூட்டாளியும் வேறோர் அமைப்பை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் தலை எப்பக்கமும் திரும்பும். முன்னும் பின்னும் நகரும். சிறு பட்டறைகளின் செல்லப் பொறியாக அது விளங்கிற்று. எனினும் அதன் எடை ஏறத்தாழ 900 கிலோகிராம். வீட்டுக்குள் அதனைக் கொணர்தல் எளிதன்று.

வீட்டுப் பட்டறை

வீட்டில் உலோக வேலை செய்யும் வழக்கம் இதற்கு முன்பே இங்கிலாந்தில் தோன்றிவிட்டது. ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து இலண்டன் வந்த ஹோல்ட்ஸாப்பெல் என்பவரும் அவர்தம் வழியினரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வர்களுக்கென அழகிய கடைசல் பொறிகளைச் செய்து விற்றனர். அவற்றில் சுழலும் சிறு வெட்டுக் கருவிகளும் பூட்டப்பட்டன. ஆயினும் அது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு.

1898இல் பெர்சிவல் மார்ஷல் இலண்டனில் 'மாடல் எஞ்சினியர்' என்னும் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் அக்கலைக்குரிய சங்கமும் அங்கே நிறுவப்பட்டது. எழுத்தரும் ஆசிரியரும் ஆலைத் தொழிலாளரும் அவ்விதழைப் படித்துத் தம் வீட்டிலேயே சிறு எஞ்சின்களைச் செய்யலாயினர். பலரிடம் இருந்தது ஒரு சிறு கடைசல் பொறி மட்டுமே. வெட்டுச் சக்கரத்தைக் கடைசல் பொறியின் அச்சில் பூட்டி, இரும்புத் துண்டை ஏறி இறங்கும் சிறு மேசையில் பிணித்து, அதனையே மில்லிங் பொறியாக்கிக் கொண்டனர். 1946இல் நாட்டிங்காம் அருகே செய்யப்பட்ட மைபோர்டு எம்.எல்.7 என்னும் கடைசல் பொறி இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. அவ்விதழில் நெடுங்காலம் எழுதிய எட்கர் வெஸ்ட்பரியின் அமைப்பை ஒட்டிய மில்லிங் பொறியொன்று, பின்னர் வார்ப்பிரும்புத் துண்டுகளாகவே விற்கப்பட்டது. வாங்கியவர் அவற்றைத் தாமே சீர்செய்து பொறியாக்கிக் கொள்ள வேண்டும்.

பின்னர் சீனாவில் செய்த சிறு மில்லிங் பொறிகள் வந்தன. 50, 60 கிலோகிராம் எடையே உள்ள அவற்றை இருவர் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். விலையும் குறைவு. ஆனால் விலை குறைந்த பொறியில் இறுதிச் சீரமைப்பு பெரும்பாலும் வாங்குவோர் கைக்கே விடப்படுகிறது.

நிறுவும் முறை

பெட்டியைத் திறந்ததும் பொறி முழுவதும் துருக்காப்பு மசகு பூசியிருக்கக் காணலாம். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அதனைத் துடைத்து, நகரும் பரப்புகளில் எண்ணெய் இடுதல் முதற்பணி. அசையாத கனமான தாங்கியில் பொறியை நிறுத்துதல் அடுத்தது. மேசை நகரும் தடங்களுக்கிடையே ஒரு மெல்லிய இரும்புத் தகடு செருகப்பட்டிருக்கும். அதன் திருகுகளை மிகத் தளர்த்தினால் மேசை ஆடும். மிக இறுக்கினால் நகராது. ஆட்டமும் இறுக்கமும் இல்லாத நிலையைக் கையுணர்வாலேயே அறிய வேண்டும்.

அதன்பின் வருவது அச்சின் செங்குத்தைச் சோதித்தல். நுண்ணளவு காட்டும் முள் பொருந்திய வட்ட அளவியை அச்சில் பூட்டி, மேசைமேல் ஒரு வட்டமாகச் சுற்றுவர். இடப்புறமும் வலப்புறமும் முள் ஒரே எண்ணைக் காட்டினால் அச்சு அத்திசையில் நேராக உள்ளது. வேறுபட்டால் தலை சாய்ந்துள்ளது. சாய்ந்த தலையோடு அகன்ற வெட்டுச் சக்கரத்தை ஓட்டினால் சமதளம் பிறவாது. நடுவே குழிந்த தளமே கிடைக்கும். தூணின் அடியில் மெல்லிய தகடுகளை வைத்து வைத்து, வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்காகக் குறையும் வரை பொறுமையோடு திருத்துவர். வெப்பத்தையும் மறத்தலாகாது. 100 மில்லிமீட்டர் நீள எஃகுத் துண்டு பத்து செல்சியசு பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும்.

திருகுக்கும் அதன் மரைக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியும் ஒரு தொல்லை. வெட்டும் பல் செல்லும் திசையிலேயே மேசையையும் நகர்த்தினால், பல் இரும்பைப் பற்றித் தன்பால் இழுத்துவிடும், வெட்டுக்கருவி முறியும். ஆதலின் தொடக்கத்தில் எதிர்த்திசையில் நகர்த்துதலே நன்று.

மூன்று தகடுகள்

இதற்குப்பின் தொடங்குவது மேம்படுத்தும் பணி. சிலர் ஓசை மிகுந்த பல்சக்கரங்களை நீக்கி, வார்ப்பட்டை பூட்டுவர். சிலர் தூணின் உட்புறத்தை நிரப்பி அதிர்வைக் குறைப்பர். சில பொறிகளில் கைச்சக்கரம் ஒரு சுற்றுக்கு 0.0625 அங்குலம் நகர்த்தும்; கணக்கிடும்போது பிழை நேர்வது எளிது. ஒரு சுற்றுக்குச் சரியாக 0.050 அங்குலம் நகர்த்தும் திருகை மாற்றிக்கொள்வோர் உளர்.

இவை அனைத்தினும் அரிய பணி, தடங்களைச் சுரண்டிச் சமன் செய்தல். அதற்கு உண்மையான சமதளம் ஒன்று ஒப்பிட வேண்டும். அச்சமதளம் எங்கிருந்து வந்தது? 1840இல் கிளாஸ்கோவில் கூடிய அறிவியலார் மன்றத்தில் ஜோசப் விட்வொர்த் இதற்கு விடை கூறினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தால், ஒன்று புடைத்தும் மற்றொன்று குழிந்தும் இருப்பினும் அவை பொருந்திவிடும். மூன்றாம் தகடு ஒன்றைச் சேர்த்து மாறி மாறி ஒப்பிட்டால் பொய் வெளிப்படும். சாயம் பூசி ஒட்டி எடுத்து, சாயம் பட்ட மேடுகளை மட்டும் கையால் சுரண்ட வேண்டும். மூன்றும் தம்முள் எவ்வாறு இணைப்பினும் பொருந்தும் நாளில் மூன்றும் சமதளமாகும். சமதளத்தைச் செய்ய முன்னொரு சமதளம் வேண்டியதில்லை. பொறுமையுள்ள கையும் பொய் சொல்லாத ஒப்பீடும் போதும். ஆலைகளின் பெரும் பொறிகள் அனைத்தும் இந்தக் கைச்சுரண்டலின் வழி வந்தவையே.

எண்ணால் இயங்கும் பொறி

கையே வேண்டாத பொறியும் வந்தது. ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்த ஜான் பார்சன்சின் கருத்திலிருந்து தொடங்கிய முயற்சி, 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிறைவேறியது. துளையிட்ட நாடாவிலுள்ள எண்களைப் படித்து, நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்களின் உதவியால் மில்லிங் பொறி தானே இயங்கிற்று. 1990களில் அமெரிக்க அரசின் அளவைத் தர நிறுவனம் உருவாக்கிய கட்டுப்பாட்டு நிரல் பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது. அதன் வழிவந்த லினக்ஸ் சி.என்.சி. என்னும் நிரலை இன்று வீட்டுப் பட்டறையாளரும் பயன்படுத்துகின்றனர். கைச்சக்கரம் இருந்த இடத்தில் மின் இயக்கியைப் பூட்டுகின்றனர். பழைய திருகுக்குப் பதில் எஃகுக் குண்டுகள் உருளும் திருகை அமைக்கின்றனர்.

ஆயினும் எண் இட்ட ஆணையைத் தளர்ந்த மேசை நிறைவேற்றாது. சாய்ந்த அச்சைக் கணினி நிமிர்த்தாது. மின் இயக்கியைப் பூட்டுமுன் தடத்தைச் சுரண்டி, தகட்டை இறுக்கி, அச்சை நிமிர்த்தியவரே நற்பயன் பெறுகின்றனர்.

அரத்தை ஒழிக்க எழுந்த பொறிக்கு இறுதிச் செம்மையைத் தருவது அரம் பிடித்த அதே கையே. மிடில்டவுனிலும் ஹார்ப்பர்ஸ் பெரியிலும் பெயர் தெரியாத தொழிலாளர் குறை கண்டு திருத்திய பணியை, இன்று ஒரு வீட்டுக் கொட்டகையில் வட்ட அளவியின் முள்ளை உற்றுநோக்கி நிற்கும் ஒருவர் தொடர்ந்து செய்கிறார். பொறி விலைக்கு வரும். செம்மை உழைப்புக்கே வரும்.