உட்காரும் இடத்தின் வரலாறு

வீட்டு அலங்காரப் பத்திரிகைகளில் இப்போது திண்ணைக்கு மவுசு கூடியிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வரவேற்பறையில்கூட ஒரு மர பெஞ்சு, பக்கத்தில் பித்தளைக் குடம், மேலே தொங்கும் ஊஞ்சல். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குச் சாமான்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். 'வழிப்போக்கர்கள் இளைப்பாறத் திண்ணை கட்டிய தமிழர் பண்பாடு' என்று ஒரு வரியும் மறக்காமல் எழுதிவிடுகிறார்கள்.

எந்த வழிப்போக்கர்? நம் தாத்தா அந்தத் திண்ணையில் உட்கார்ந்தாரா? அவர் அந்தத் தெருவுக்குள் செருப்போடு நடக்கவே முடியாது. கூலி வாங்கப் போனால் கொல்லைப்புறத்தில் நிற்க வேண்டும். திண்ணை எல்லோருக்கும் நிழல் தரவில்லை. யார் மேலே, யார் கீழே, யார் தெருவில் என்று சொல்லும் மேடையாகத்தான் அது இருந்தது.

இது வெறும் ஊர்ப் பழக்கம் அல்ல, எழுதி வைத்த சட்டம். உயர்ந்தவனுக்குச் சமமான ஆசனத்தில் உட்கார முயலும் தாழ்ந்தவனின் இடுப்பில் சூடு போட்டு நாடு கடத்த வேண்டும் அல்லது பின்புறத்தை அறுக்க வேண்டும் என்கிறது மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம். தண்டனைக்கு எந்த உறுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உட்கார்ந்த உறுப்புக்கே தண்டனை.

நாற்காலியும் பெஞ்சும் நம் கிராமங்களுக்குப் பெரும்பாலும் கச்சேரி, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் வழியாக வந்தவை. வசதியான வீடுகளிலேயே நாற்காலி அபூர்வமாக இருந்த காலத்தைக் கி. ராஜநாராயணன் 'நாற்காலி' என்ற சிறுகதையில் எழுதியிருக்கிறார். பெஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. அது ஒருவருக்கான ஆசனம் இல்லை, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே தீருவார். சாதிக்குப் பொறுக்காதது இதுதான்.

சாத்தாரா பள்ளியில் சிறுவன் அம்பேத்கர் வகுப்பில் தனியாக, ஒரு சாக்குத் துணியின் மேல் உட்கார்ந்தார். பள்ளியைக் கூட்டும் வேலைக்காரர் அந்தச் சாக்கைத் தொட மாட்டார். அதனால் தினமும் மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், காலையில் மறுபடி கொண்டுவர வேண்டும். திருவிதாங்கூரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் பாதி கருகிய ஒரு பெஞ்சு இன்றும் அந்தப் பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. பழம்பொருள் வேண்டும் என்பவர்கள் அதைப் போய்ப் பார்க்கட்டும்.

பொது இடத்தில் உட்காருவதற்குத்தான் இந்தப் பாடு, நம் வீட்டுக்குள் நம் இஷ்டம்போல இருந்திருக்கலாமே என்று தோன்றலாம். அதற்கும் விடவில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்ற வரிசையில் ஒன்று: வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். நம் அடுப்படியில் எந்தப் பானை இருக்க வேண்டும் என்பதையும் ஊர்தான் முடிவு செய்தது.

இந்தக் கண்காணிப்பு 1930களோடு முடிந்துவிட்டதா? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் நுழைந்தார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் நிமிர்ந்த தலித் கிராமம் அது. தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் இயந்திரம் எனத் தேடித் தேடி உடைத்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. சாம்பலில் கிடந்தவை பீரோ, இருசக்கர வாகனம், ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த வீட்டுச் சாமான்கள். ஆளை அடிப்பதோடு அவர்களுக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. 'உனக்கு இதெல்லாம் எதற்கு?' என்ற கேள்வியைப் பொருள்களின் மேல் காட்டுகிறார்கள்.

சட்டமே நாற்காலி கொடுத்தாலும் கதை மாறவில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சி மன்றக் கூட்டத்தின் படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில், மக்கள் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவர் தரையில். படம் வெளிவந்த பிறகுதான் வழக்கும் நடவடிக்கையும் வந்தன.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நம் வீடுகளைப் பாருங்கள். தவணையில் வாங்கிய சோபா, தூசு படாமல் இருக்க அதன் மேல் ஒரு பூப்போட்ட துணி, அதற்கு மேலே சுவரில் கோட் சூட்டில் பாபாசாகேப். 'கடன் வாங்கி ஆடம்பரம்' என்று நம் பிள்ளைகளே சில சமயம் கேலி செய்கிறார்கள். ஆடம்பரம் இல்லை தோழர்களே. தரையில் உட்கார வைக்கப்பட்ட ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகள், யாருடைய அனுமதியும் கேட்காமல் சாய்ந்து உட்காருகிறார்கள். வீட்டுக்கு வருகிறவரிடமும் சாதி கேட்காமல் 'உட்காருங்க' என்கிறார்கள்.

திண்ணையை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். தச்சரிடம் சொல்லிப் பழைய பாணியிலேயே ஒன்றைச் செய்து போடட்டும். ஒன்றை மட்டும் கேட்போம்: உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா அந்த பெஞ்சில் உட்காருவாரா? குப்பை எடுக்க வருகிறவர் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாரா? இல்லை என்றால் நீங்கள் வாங்கியது பழைய மரத்தை மட்டும் அல்ல, அதோடு பழைய சட்டத்தையும் சேர்த்துத்தான்.

ஜெய் பீம்!