யன்னலும் இயற்கைத் தேர்வும்

ஓர் அறைக்கு யன்னல் வைப்பது எளிய காரியமாகவே தோன்றும். யன்னல் பெரிதானால் பகலில் விளக்கு வேண்டியதில்லை. ஆனால் கோடையில் வெயிலின் வெப்பமும் உடன் நுழையும், குளிர்காலத்தில் உள்ளிருக்கும் சூடு வெளியேறும். அறைகள் பலவுள்ள மாளிகையொன்றில் யன்னல்களின் அளவுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால், சேர்க்கைகள் கோடிக்கணக்காகப் பெருகும். அத்தனையையும் சோதிக்க ஓர் ஆயுள் போதாது.

இம்முடிச்சை அவிழ்க்கும் வழி, யன்னலோடு சற்றும் தொடர்பில்லாத ஓரிடத்திற் பிறந்தது. 1964ஆம் ஆண்டில் மேற்கு பேர்லின் தொழினுட்பச் சர்வகலாசாலையில், இங்கோ றெக்கன்பேர்க், ஹான்ஸ் போல் ஸ்வேபெல், பீற்றர் பீனேர்ட் என்னும் மாணவர் மூவர், ஐந்து மூட்டுக்கள் கொண்ட தகடொன்றைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தினர். ஒவ்வொரு மூட்டையும் 51 நிலைகளில் மடிக்கலாம். வடிவங்களோ 34 கோடிக்கு மேல். காற்றின் தடை மிகக் குறைந்தது தட்டையான வடிவமே என்பது முன்னரே தெரியும். அதனைத் தேடும் முறை தானே கண்டடையுமா என்பதுதான் சோதனை. ஒவ்வொரு மூட்டாக மாற்றி முயன்றபோது தேடல் நடுவழியில் நின்றுவிட்டது. பின்னர் எல்லா மூட்டுக்களையும் ஒருங்கே, எழுமாறாக, சிறிது சிறிது மாற்றினர். புதிய வடிவம் பழையதிலும் தாழாவிடின் வைத்துக்கொண்டனர்; தாழ்ந்தால் கைவிட்டனர். கோணல்மாணலாய் மடிந்துகிடந்த தகடு படிப்படியாக ஏறக்குறையத் தட்டையாயிற்று. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு பொறியியலாளர் கைக்கு வந்த வரலாறு இது.

அமெரிக்காவில் ஜோன் ஹொலண்ட் 1975இல் வெளியிட்ட நூலோ, இரு பெற்றோரின் பண்புகள் பிள்ளையிற் கலப்பதுபோல விடைகளையும் கலக்கும் முறையை விளக்கிற்று. அம்முறையை யன்னலுக்குக் கொணர்ந்தவர்களுள் லூயிசா கால்டாஸ் குறிப்பிடத்தக்கவர். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் லெஸ்லி நோர்போர்டுடன் அவர் அமைத்த கருவி பற்றிய கட்டுரை 2002இல் வெளியாயிற்று. யன்னல் அளவுகளே அங்கு பரம்பரையலகுகள். ஒவ்வொரு யன்னற் சேர்க்கைக்கும் விளக்கு, சூடேற்றல், குளிரூட்டல் ஆகியவற்றின் ஓராண்டுச் சக்திச்செலவைக் கணனி கணித்தது; செலவு குறைந்தவை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராயின.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது, போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரில் அல்வாரோ சிசா அமைத்த கட்டடக்கலைப் பள்ளி. துணிவான தேர்வுதான், சிசா உலகப் புகழ் பெற்றவர். சில இடங்களிற் கணனியின் யன்னலும் சிசாவின் யன்னலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. வேறு சில இடங்களில் இரண்டும் வெகுதூரம் விலகின. அவ்விலகலைக் கலைஞனின் பிழை எனக் கொள்ளலாகாது. செலவை மட்டும் எண்ணும் கணனிக்கு, கட்டடத்திற்கு முகப்பு என ஒன்று உண்டென்பதே தெரியாது. ஆகவே யன்னல்கள் எந்த அச்சில், எந்த ஒழுங்கில் நிற்கவேண்டும் என்பதையும் விதிகளாக எழுதிக் கொடுத்து, மீண்டும் தேடச் செய்தனர்.