மதராஸ் ரெஜிமென்ட் சின்னமும் போர் கௌரவங்களும்

மதராஸ் ரெஜிமென்ட் சின்னம் என்பது இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவுகளுள் ஒன்றான மதராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள் அணியும் அடையாளம் ஆகும். குறுக்காக அமைந்த இரு வாள்களுடன் கூடிய கேடயமும் அதன் மீது நிற்கும் யானையும் இதன் வடிவம் ஆகும். இந்த யானை 1803 ஆம் ஆண்டில் நடைபெற்ற அசாயே போரைக் குறிக்கின்றது. போர் கௌரவம் என்பது தனி வீரருக்கு அன்றி, ஒரு போரில் சிறப்பாகச் செயல்பட்ட படைப்பிரிவு முழுவதற்கும் வழங்கப்படும் சிறப்பு ஆகும். மதராஸ் ரெஜிமென்ட்டின் பழைய கௌரவங்களுள் ஒன்றான "மைசூர்", இன்றைய சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வரலாற்றோடு நேரடித் தொடர்பு உடையது.

சின்னங்களின் வகைகள்

படைவீரரின் சீருடையில் உள்ள ஒவ்வொரு அடையாளமும் ஒரு தனிச் செய்தியைத் தெரிவிக்கின்றது.

- தொப்பிச் சின்னம்: வீரர் எந்த ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும்.
- பதவிக் குறிகள்: அவரது பதவியைக் காட்டும். அதிகாரிகள் இவற்றைத் தோள்பட்டையில் அணிவர்.
- பதக்க நாடாக்கள்: மார்பின் இடப்புறம் அணியப்படும். அவர் தனிப்பட்ட முறையில் பெற்ற விருதுகளையும், பங்கேற்ற போர்களையும் காட்டும்.
- போர் கௌரவங்கள்: சீருடையில் இடம்பெறுவதில்லை. படைப்பிரிவின் கொடியில் போர் நடந்த இடத்தின் பெயராகப் பொறிக்கப்படும்.

தொப்பிச் சின்னம் வீரரின் பிறந்த ஊரைக் குறிப்பது அன்று. எடுத்துக்காட்டாக, 1999 கார்கில் போரில் உயிரிழந்து வீர் சக்கரம் பெற்ற மேஜர் மாரியப்பன் சரவணன் தமிழர் ஆயினும் பீகார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்.

அசாயே யானை

1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் ஜால்னா மாவட்டத்தில் உள்ள அசாயே என்னும் சிற்றூரின் அருகே, சிந்தியா, நாக்பூர் போன்சுலே ஆகியோரின் கூட்டுப் படையை ஆர்தர் வெல்லெசுலி தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தோற்கடித்தது. கம்பெனி தரப்பில் மட்டும் சுமார் 1,600 பேர் இறந்தோ காயமுற்றோ போயினர். அப்படையின் காலாட்படையில் பெரும்பகுதி சென்னை மாகாணச் சிப்பாய்களைக் கொண்டது. இவ்வெற்றிக்காக அங்கு போரிட்ட பிரிவுகளுக்குச் சிறப்புக் கொடி வழங்கப்பட்டது. யானை அதன் அடையாளம் ஆயிற்று. அதே போரில் பங்கேற்ற இசுக்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றின் வழித்தோன்றலான ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் தொப்பிச் சின்னத்திலும் யானையும் "அசாயே" என்னும் பெயரும் இடம்பெற்றிருந்தன.

சேலம் பகுதியும் "மைசூர்" கௌரவமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலம், நாமக்கல், சங்ககிரி, பாராமகால் பகுதிகள் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தன. சங்ககிரி, நாமக்கல் மலைக்கோட்டைகள் இக்காலப் போர்களோடு தொடர்புடையவை. 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, சேலமும் பாராமகாலும் கம்பெனி வசமாயின. இப்பகுதியின் நிருவாகம் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளராக இருந்தார்.

இப்போரில் பங்கேற்ற சென்னைப் படைப்பிரிவுகளின் கௌரவமே "மைசூர்" ஆகும். 1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்த போருக்கு உரியது "சீரங்கப்பட்டணம்" என்னும் கௌரவம் ஆகும். ஆகவே படைக்கு வெற்றியாகப் பதிவான ஒரு பெயர், சேலம் சமவெளிக்கு ஆட்சி மாற்றத்தின் பெயராகவும் அமைந்துள்ளது.

ஏற்கப்படாத கௌரவங்கள்

விடுதலைக்குப் பின்னர் அரசரின் பெயரால் வழங்கப்பட்ட பழைய கொடிகள் கைவிடப்பட்டு, குடியரசுத் தலைவரின் கொடிகள் வழங்கப்பட்டன. இந்திய நாட்டினரை அடிமைப்படுத்த நடத்தப்பட்ட போர்களுக்கான கௌரவங்களை இந்தியத் தரைப்படை ஏற்கத்தகாதவை எனக் கருதுகின்றது. அவற்றின் ஆண்டுநாட்கள் கொண்டாடப்படுவதில்லை. மைசூர், சீரங்கப்பட்டணம், அசாயே ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவை.

எனினும் யானை சின்னமாகத் தொடர்கின்றது. சிப்பாய்களின் துணிவு வேறு, அவர்கள் எந்த அரசுக்காகப் போரிட்டனர் என்பது வேறு என்னும் வேறுபாட்டை இது காட்டுகின்றது. தென்னிந்தியர் "போர்க்குடியினர்" அல்லர் என்னும் பிரித்தானியக் கோட்பாட்டின் தாக்கத்தால் சென்னைப் படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1920களில் மதராஸ் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் திரட்டப்பட்டது. இப்பின்னணியில் பழைய யானை, மறுக்கப்பட்ட தகுதியின் சான்றாகவும் பொருள் கொள்ளத்தக்கது.

விடுதலைக்குப் பிந்தைய கௌரவங்கள்

1947-48, 1965, 1971 ஆகிய போர்களில் ரெஜிமென்ட் புதிய கௌரவங்களைப் பெற்றது. தித்வால், பூஞ்ச், மகராஜ்கே, பசந்தர் ஆறு, இன்றைய வங்காளதேசத்தில் உள்ள சிராமணி முதலியவை அவற்றுள் சில. குறிப்பிட்ட இடத்துக்கு அன்றிப் பரந்த போர்முனைக்கு வழங்கப்படுவது போர்முனைக் கௌரவம் எனப்படும். "ஜம்மு காசுமீர் 1947-48" அத்தகையது.

அலகு விருதுகள்

இவை தவிர, ஒரு பட்டாலியனின் செயல்பாட்டைப் பாராட்டித் தரைப்படைத் தலைமைத் தளபதியின் அலகுப் பாராட்டு வழங்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையில் அலகு விருதுக்குரிய நாடாவை அலகின் வீரர்கள் தம் சீருடையில் அணிவர். விருதுக்குரிய செயலில் பங்கேற்றவர் அதை நிலையாக அணியலாம். பின்னர் சேர்ந்தவர் அந்த அலகில் பணியாற்றும் வரை மட்டுமே அணியலாம்.

தற்காலத்தில்

மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நீலகிரி மாவட்டத்தில் உள்ள வெல்லிங்டனில் அமைந்துள்ளது. அசாயே தளபதி பின்னாளில் பெற்ற வெல்லிங்டன் பிரபு என்னும் பட்டத்தின் பெயரே இவ்வூருக்கும் அமைந்துள்ளது. சேலம், நாமக்கல் மாவட்ட இளைஞர்களுக்கான தரைப்படை ஆள்சேர்ப்பைக் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம் மேற்கொள்கின்றது. மதராஸ் ரெஜிமென்ட்டில் சேரும் இம்மாவட்ட இளைஞர் அணியும் யானைக்குப் பின்னால், அவரது சொந்த ஊர் கைமாறிய போரில் ஈடுபட்ட படையின் வரலாறும் அடங்கியுள்ளது.