எச்.எம்.எஸ். ரோபக்

பிரிட்டிஷ் கடற்படையின் கரையோரக் கடலளவைக் கப்பல். லோஸ்டாஃப்ட் நகரின் புரூக் மரீன் தளத்தில் கட்டப்பட்டு, 1986இல் பணியில் சேர்ந்தது. நீளம் சுமார் 64 மீட்டர்.

பிரிட்டனைச் சூழ்ந்த கண்டத்திட்டை அளப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கடலளவையில் வேகத்தைவிட நேர்கோடு முக்கியம்: உழவுச் சால்போல் ஒன்றையொட்டி ஒன்றாகக் கோடுகள் ஓட வேண்டும். நான்கு டீசல் எஞ்சின்கள் இரண்டு உந்துவிசிறிகளைச் சுழற்றின. இறகுகளின் கோணத்தை மாற்றி மெதுவாகவும் சீராகவும் செல்லலாம். எதிரொலிமானி ஆழத்தைச் சொல்ல, பக்கவாட்டு சோனார் மூழ்கிய கப்பல்களைக் காட்டிக்கொடுக்கும். கப்பல் நுழைய முடியாத ஆழமற்ற நீருக்கு அளவைப் படகுகள் இறங்கும்.

சொந்தக் கரையோடு பணி முடியவில்லை. 2003 ஈராக் போரின்போது வளைகுடாவிலும் இயங்கியது.

2010இல் வங்கதேசக் கடற்படைக்கு விற்கப்பட்டு, ‘அனுசந்தான்’ என்ற பெயரில் அளவைப் பணியைத் தொடர்ந்தது.